கார்லோ சாரின் காதல் பாடம்

"உனக்கு அழகான கண்கள் இருக்கின்றன" என்று ஆரோக்கியசாமி அண்ணன் என்னைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அதுவும் இத்தாலிய மொழியில். அன்றைய பாடம் அதுதான்.

அண்ணனுக்கு ஐம்பது வயதிருக்கும். ஆவூர்க்காரர், கல்யாணச் சமையல் செய்கிறவர். சொந்த மனைவியின் கண்ணைப் பற்றியே அவர் இதுவரை கருத்து ஏதும் சொல்லியிருக்க மாட்டார். என் கண்களோ நைட் டூட்டி முடித்து நேராக வகுப்புக்கு வந்தவை. சிவந்து, எரிந்து, எப்போது மூடலாம் என்று காத்திருந்தன. பிளாஸ்டிக் நாற்காலிகளை எதிரெதிரே போட்டுக்கொண்டு, அவர் என் தலைக்கு மேல் சுற்றிய மின்விசிறியையும் நான் அவர் சட்டைப் பையில் இருந்த பேனாவையும் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம்.

"கண்ணப் பாத்துச் சொல்லுங்க, கண்ணப் பாத்து" என்று பின்னாலிருந்து கார்லோ சார் கை தட்டினார்.

இந்த கார்லோ சாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஆலங்குடிக்குப் பக்கத்தில் பிறந்தவர். பெற்றவர்கள் வைத்த பெயர் கருப்பையா. இத்தாலியில் சில வருடம் இருந்துவிட்டுத் திரும்பியபோது கருப்பையாவை விமானத்திலேயே இறக்கிவிட்டார் போலிருக்கிறது. புதுக்கோட்டை வெயிலில் கழுத்தைச் சுற்றி ஒரு மப்ளர். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஓர் உரக்கடையின் மாடியில் வகுப்பு நடத்தினார். கீழே இறக்கிவைத்த யூரியா மூட்டைகளின் நெடி படியேறி வரும். அந்த நெடியில் உட்கார்ந்துதான் நாங்கள் காதல் செய்யக் கற்றுக்கொண்டோம்.

போன வாரம் பாஸ்போர்ட்டுக்கு போலீஸ் விசாரணை வந்த கதையை எழுதியதற்கு, "நர்ஸம்மாவுக்கு வாய் ஜாஸ்தி" என்று வாசகர் ஒருவர் கடிதம் போட்டிருக்கிறார். சரிதான். இந்த வாரமும் அது குறையப் போவதில்லை.

முறை தெரியாமல் எப்படி?

அந்த வகுப்பில் இருந்தவர்கள் யாரும் காதலிக்க வந்தவர்கள் அல்ல. கொரோனா எல்லாம் ஓய்ந்த பிறகு, இத்தாலியில் முதியோர் இல்லங்களுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று ஓர் ஏஜென்சி சொன்னதை நம்பி வந்தவர்கள். நர்ஸுகள், சமையல்காரர்கள், ஆயா வேலை பார்த்தவர்கள். கிழவர்களைக் குளிப்பாட்டத் தெரியும், மலம் துடைக்கத் தெரியும், படுக்கைப்புண்ணுக்குக் கட்டுப் போடத் தெரியும். மொழி மட்டும்தான் தெரியாது.

ஜோடி ஜோடியாக உட்காரச் சொன்னதும் எல்லோரும் செய்த முதல் வேலை முறை கேட்டதுதான். "நீங்க எந்த ஊரு? அங்கிட்டு யாரு வீடு? அப்ப எங்க சித்தப்பாவுக்குப் பங்காளி மொறை ஆகணுமே?" என்று வகுப்பே கல்யாண வீட்டுப் பந்தல் மாதிரி ஆகிவிட்டது. அண்ணன் தங்கை முறை ஆனவர்கள் இந்த வசனத்தைச் சொல்ல முடியாது, பாவம். மாமன் மகள் முறை ஆனவர்கள் அதைவிடச் சொல்ல முடியாது. ஒரு பெண் எழுந்து நின்றே சொல்லிவிட்டாள்.

"சார், இவுக எனக்கு அத்த மகன் மொறை. இவுககிட்ட இதச் சொன்னேன்னு தெரிஞ்சா, ஊருல தட்டு மாத்திட்டதாவே பேசிருவாங்க."

"இதுனாலதான் நீங்கள்லாம் இங்கிட்டே கெடக்குறீங்க" என்றார் கார்லோ சார். அவர் மட்டும் எங்கே கிடக்கிறார் என்று கேட்க எனக்கு நாக்கு துடித்தது.

கடைசியில் வழி கண்டுபிடித்தவர் ஆரோக்கியசாமி அண்ணன்தான். அவருடைய தங்கை கன்னியாஸ்திரியாக ரோம் பக்கம் இருக்கிறது. போனில் அதனிடம் யோசனை கேட்டுக்கொண்டு மறுநாள் வந்தார். தொண்டையைச் செருமினார். மின்விசிறியைப் பார்த்தார்.

"ஐ லீ ஒக்கி பெல்லி, சொரெல்லா."

சொரெல்லா என்றால் தங்கச்சி. உனக்கு அழகான கண்கள் இருக்கின்றன, தங்கச்சி. எனக்கு மூச்சு வந்தது. நானும் பதிலுக்கு, "உங்களுக்கும்தான், ஃப்ரத்தெல்லோ" என்று ஓர் அண்ணனைச் சேர்த்துச் சொன்னேன். ஐந்து நிமிடத்தில் வகுப்பு முழுவதும் பரவிவிட்டது. நீ இல்லாமல் எனக்கு வாழ்க்கை இல்லை, அண்ணே. என் இதயம் உன்னிடம் இருக்கிறது, தங்கச்சி. அந்த அத்தை மகன் முறைக்காரர்கூட, எதற்கு வம்பு என்று தங்கச்சியைச் சேர்த்துக்கொண்டார். கார்லோ சார் மப்ளரைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்துவிட்டார்.

ஓ, ஐ, ஆ

அந்த வினைச்சொல்லின் பெயர் அவேரே. ஒருவரிடம் ஒன்று இருப்பதைச் சொல்வது. எனக்கு இருக்கிறது என்றால் ஓ. உனக்கு இருக்கிறது என்றால் ஐ. அவருக்கு என்றால் ஆ. நாங்கள் கூட்டமாகச் சொல்லிப் பார்க்கும்போது, கீழே உரக்கடைக்கு வந்தவர்கள் மேலே பல் டாக்டர் இருக்கிறாரா என்று கேட்டிருக்கிறார்கள்.

மொழியிலேயே முதல் பெஞ்சில் உட்கார வேண்டிய சொல் அது. அதைக் கற்றுக்கொடுக்க கார்லோ சாரிடம் இருந்தவை எல்லாம் காதல் வசனங்கள். உன் புன்னகை. உன் உதடு. நிலா வேறு இரண்டு இடத்தில் வந்தது. மனப்பாடம் ஆகவேண்டுமென்றால் மனசு கலங்க வேண்டும் என்பது அவருடைய தத்துவம். அவர் மனசை அங்கே யார் கலக்கினார்கள், அந்த அம்மாள் பிறகு ஏன் அவரைத் திருப்பி அனுப்பினாள் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கலக்கத்தை எங்கள் தலையில் கட்டியிருக்க வேண்டாம்.

ஒருநாள் பொறுக்காமல் கேட்டேன். "சார், எங்க வலிக்குதுன்னு எப்புடிக் கேக்குறது?"

"அது அடுத்த லெவல் சிஸ்டர்."

"பசிக்குதா, குளுருதா, இதெல்லாம்?"

"எல்லாம் வரும். மொதல்ல மனசு தொறக்கட்டும்."

தொண்ணூறு வயதுக் கிழவர் ஒருவர் இடுப்பு எலும்பு முறிந்து படுத்திருப்பார். அவர் பக்கத்தில் போய் நான் நிலாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த மனிதர் வலியோடு செத்தாலும் மனசு திறந்து சாவார்.

பிறகு நானே செல்போனில் தேடித் தேடிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். பசி, குளிர், வலி, பயம் எல்லாவற்றுக்கும் இதே அவேரேதான். ஆ ஃபாமே என்றால் பசிக்கிறதா. ஆ ஃப்ரெத்தோ என்றால் குளிர்கிறதா. ஆ தொலோரே என்றால் வலிக்கிறதா. அந்தச் சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு இந்த மனிதர் எங்களை உதடு, கண் என்று அலைய விட்டிருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த மப்ளரை இன்னொரு சுற்று சுற்றியிருப்பேன்.

துபாய் போன்

காதல் வசனம் என்றால் எனக்கு ஏன் இத்தனை இளப்பம் என்று நீங்கள் கேட்கலாம். என் கல்யாண வாழ்க்கையில் பாதிக்கு மேல் போனில் நடந்தது. என் வீட்டுக்காரர் துபாயில், நான் வல்லத்திராக்கோட்டையில். வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு. அன்று காலையில் போன் வரும்.

"சாப்டியா?"

"சாப்டேன். நீங்க?"

"ம். மழ பேஞ்சுதா?"

"நேத்துத் தூறுச்சு. மாடு கன்னு போட்டுருக்கு."

"காளையா, கிடாரியா?"

இவ்வளவுதான். மாட்டைப் பற்றி அக்கறையாகக் கேட்டவர் என்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. பிரசவ வலி வந்தபோது ஆட்டோவில் தனியாகப் போனேன். மகளுக்குக் காய்ச்சல் ஏறிய இரவுகளில் நானே நர்ஸ், நானே தாய், நானே தகப்பன். வெள்ளிக்கிழமை போன் வந்ததும் "எல்லாம் நல்லா இருக்கோம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவேன். வைத்த பிறகு கொல்லைப்பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நிற்பேன். அப்போது அழுதேன் என்று எழுதிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை.

அவர் ஒரேயடியாகத் திரும்பி வந்தபோது மகள் திருச்சியில் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். வீட்டில் நானும் அவரும் தென்னை மரங்களும். அப்போதுதான் இந்த இத்தாலி பேச்சு வந்தது. எனக்கு அது வேலை மட்டும் இல்லை. என்னுடைய முறை. இத்தனை வருடம் இவர் உலகம் பார்த்தார், நான் வாசல் பார்த்தேன். இந்தத் தடவை நான் போவேன், இவர் இருக்கட்டும் என்று தீர்மானமாக இருந்தேன்.

கேட்டபோது அவர் கொழுந்தனார் குடும்பத்தை வைத்துக்கொண்டே பெருந்தன்மையாகச் சொன்னார். "போயிட்டு வரட்டும். நான் போவலயா? நான் பாத்துக்கிறேன்."

கொழுந்தனார் மனைவி என்னைப் பொறாமையோடு பார்த்தாள். இப்படி ஒரு புருஷன் யாருக்குக் கிடைக்கும் என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம்.

அடுப்படிப் பாடம்

கார்லோ சார் தினமும் வாட்ஸப்பில் ஒரு குரல் பதிவு அனுப்புவார். இத்தாலிய வசனத்தை ஒருமுறை, அதன் தமிழ் அர்த்தத்தை ஒருமுறை. நாங்கள் சொல்லிப் பதிவு செய்து திருப்பி அனுப்ப வேண்டும். காலையில் அடுப்படியில்தான் எனக்கு நேரம். கை இரண்டும் மாவாக இருக்கும்போது இயர்போன் எங்கே தேடுவது? ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு தோசை வார்த்துக்கொண்டே சொல்வேன்.

"ஓ பிசோன்யோ தி தே" என்று குழைவார் கார்லோ சார். "எனக்கு நீ வேணும். நீ இல்லாம முடியாது."

"ஓ பிசோன்யோ தி தே, ஃப்ரத்தெல்லோ" என்பேன் நான், தோசையைத் திருப்பிப் போட்டபடி.

என் வீட்டுக்காரர் ஹாலில் டி.வி. பார்த்துக்கொண்டிருப்பார். பார்த்துக்கொண்டிருந்தார் என்றுதான் நான் நினைத்தேன். டி.வி. சத்தம் நாளுக்கு நாள் குறைந்துவந்ததை நான் கவனிக்கவில்லை. ஒருநாள் தட்டை வைக்கப் போனபோது, "அந்தாளு யாரு, எப்பப் பாத்தாலும் ஈன்னு பேசுறான்?" என்று கேட்டார். "வாத்தியாரு" என்றேன். அதோடு முடிந்தது. தோசை நன்றாக இருக்கிறது என்றுகூட அவர் சொல்லவில்லை.

சம்மதம் என்று ஒரு வார்த்தை

இன்டர்வியூ வீடியோ காலில் நடந்தது. இத்தாலியில் ஒரு முதியோர் இல்லத்தை நடத்துகிற அம்மாள், நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். சென்னை ஆபீஸிலிருந்து ஏஜென்சிப் பெண் ஒருத்தி மொழிபெயர்க்க உட்கார்ந்திருந்தாள். நான் ஹாலில் நல்ல சேலை கட்டி, லேப்டாப்புக்கு முன்னால். மகள் வாங்கி வைத்திருந்த லேப்டாப் அது.

நன்றாகத்தான் போனது. ஒரு கிழவர் படுக்கையை விட்டு எழ மாட்டேன் என்கிறார், அவரிடம் என்ன சொல்வாய் என்று கேட்டார்கள். கார்லோ சார் கற்றுக்கொடுத்த அத்தனையையும் ஒதுக்கிவிட்டு, நானாகக் கற்றதைச் சொன்னேன். வலிக்கிறதா? குளிர்கிறதா? பசிக்கிறதா? பழக்க தோஷத்தில் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஃப்ரத்தெல்லோ வந்து ஒட்டிக்கொண்டது. அந்த அம்மாள் சிரித்துவிட்டு ஏதோ கேட்டார்.

"நீங்க கன்னியாஸ்திரியா இருந்தவங்களான்னு கேக்குறாங்க மேடம்" என்றாள் சென்னைப் பெண்.

"இல்லைங்க. எனக்கு வீட்டுக்காரர் இருக்காரு" என்றேன்.

அங்கேதான் பிடித்தது சனி. வீட்டுக்காரர் பக்கத்தில் இருந்தால் வரச் சொல்லுங்கள், குடும்பத்தாரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது எங்கள் வழக்கம் என்றார்கள். அவர் அலமாரிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். சலவைச் சட்டை போட்டிருந்தார். அதை ஏன் அன்று போட்டார் என்று நான் அப்போது யோசிக்கவில்லை. வந்து உட்கார்ந்து கைகூப்பினார்.

"உங்க மனைவி இங்க வந்து வேலை பார்க்க உங்களுக்குச் சம்மதமா சார்?" என்று தமிழிலேயே கேட்டாள் அந்தப் பெண்.

சம்மதம் என்று ஒரே வார்த்தை. அதுவும் தமிழில். தலையை ஆட்டியிருந்தாலும் போதும். அவர் திரையைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். கார்லோ சார் ஒரு மாதமாகத் தொண்டை கிழியக் கத்தியும் எங்களில் ஒருவருக்கும் வராத அந்தக் கண் பார்வையோடு சொன்னார்.

"ஓ பிசோன்யோ தி தே."

ஓர் எழுத்து பிசகவில்லை. அண்ணன் தங்கச்சி எதுவும் சேர்க்கவில்லை.

அந்த இத்தாலிய அம்மாள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது. என்னவோ நீளமாக, மிக மென்மையாகப் பேசினார். சென்னைப் பெண் சங்கடத்தோடு சொன்னாள்.

"முன்னாடி ஒருத்தங்கள எடுத்தாங்களாம் மேடம். அவங்க வீட்டுக்காரர் தினம் போன்ல அழுது, பாதியிலயே திரும்பிப் போயிட்டாங்களாம். வீட்ல நல்லாப் பேசிட்டு அடுத்த பேட்ச்ல வரச் சொல்றாங்க. உங்க ரெண்டு பேரையும் ரொம்பப் புடிச்சிருக்காம்."

ரொம்பப் பிடித்திருந்ததால் என்னை எடுக்காமல் விட்டுவிட்டார்கள். லேப்டாப்பை மூடினேன்.

"என்னங்க இது?"

"என்ன?"

"போயிட்டு வரட்டும்னு சொன்னது நீங்கதான?"

"சொன்னேன். கேட்டாக, மனசுல உள்ளதச் சொன்னேன்."

"இத்தன வருசம் இந்த மனசு எங்க போச்சு? தமிழ்ல சொல்றதுக்கு என்ன?"

"தமிழ்ல சொன்னா நீ சிரிப்ப" என்றார்.

சிரித்திருப்பேன். ஆனாலும் கோபம் ஆறவில்லை. அதே நேரத்தில், அந்த வார்த்தை காதில் விழுந்த நொடியில் எனக்குள் ஒரு சந்தோஷம் வந்ததே, அதற்காக என் மீதே எனக்கு எரிச்சல் வந்தது. வெள்ளிக்கிழமைகளில் ஒருதடவை இதைச் சொல்லியிருந்தால் நான் எத்தனை நாள் அதை வைத்துப் பிழைத்திருப்பேன். எனக்கு வேண்டியிருந்த காலத்தில் மாட்டை விசாரித்துவிட்டு, அவருக்கு வேண்டிய நேரத்தில் காதலைக் கொண்டுவந்து குறுக்கே போட்டார்.

கார்லோ சாருக்கு ஆனந்தம்

நடந்ததை வகுப்பில் சொல்ல வேண்டியதாயிற்று. கார்லோ சார் மப்ளர் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சிஸ்டர், வகுப்புக்கே வராம ஒரு மனுசன் கத்துக்கிட்டார் பாருங்க. இதான் என் மெதட்."

நான் வேலையை இழந்ததை அந்த ஆள் தன் வகுப்புக்கு விளம்பரமாக ஆக்கிக்கொண்டார். புதிதாகச் சேர வருகிறவர்களிடம் வல்லத்திராக்கோட்டைக் கணவரின் கதையைச் சொல்கிறார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அதில் நான் ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டு, வெளிநாடே வேண்டாம் என்று சொன்னதாகவும் வருகிறதாம். அந்தக் கதையைக் கேட்டுச் சேர்ந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் தெரிந்துகொள்ளுங்கள். நான் கட்டிக்கொள்ளவில்லை. அடுத்த பேட்ச் எப்போது என்று மறுநாளே ஏஜென்சிக்குப் போன் போட்டேன்.

ஆரோக்கியசாமி அண்ணன் மட்டும் படியிறங்கும்போது மெதுவாகச் சொன்னார். "தங்கச்சி, மாப்ள சொன்னது தப்பில்ல. சொன்ன எடந்தான் தப்பு." அவருக்கு அந்த பேட்சிலேயே வேலை கிடைத்தது. அவரிடம் யாரும் வீட்டம்மாவை வரச் சொல்லிக் கேட்கவில்லை.

இரண்டாவது தடவை

அடுத்த இன்டர்வியூ பொங்கல் கழிந்து வந்தது. அதுவரை வீட்டில் நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. அவர் டி.வி. சத்தத்தைக் கூட்டிக்கொண்டார். நான் இயர்போன் வாங்கிக்கொண்டேன். அன்று காலையில் சொன்னேன்.

"இன்னைக்கி ஆலங்குடிக்குப் போயி தேங்கா ஏவாரியப் பாத்துட்டு வாங்க."

"நான் இருந்தா என்ன?"

"நீங்க இருந்தா காதல் வந்துரும்."

சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். பஸ் போகிற சத்தம் கேட்ட பிறகுதான் லேப்டாப்பைத் திறந்தேன்.

திரையில் அதே அம்மாள். என்னை அடையாளம் தெரிந்துகொண்டு சிரித்தார். சென்னைப் பெண் வாய் திறப்பதற்கு முன்பே, உன் கணவர் எங்கே, அவர் எப்படி இருக்கிறார் என்று என்னிடமே நேராகக் கேட்டார். எனக்குப் புரிந்தது. பதிலும் மொழிபெயர்ப்பு இல்லாமல் வந்தது.

"ஓ உன் மரீத்தோ. ஆ பாத்ஸியென்ஸா."

எனக்கு ஒரு கணவர் இருக்கிறார். அவருக்குப் பொறுமை இருக்கிறது. இது கார்லோ சார் கொடுத்த வசனம் இல்லை, எந்த வீடியோவிலும் பார்த்ததில்லை. அந்த வினைச்சொல்லை வைத்து நானாகச் செய்த முதல் வாக்கியம். அது பச்சைப் பொய். அந்த அம்மாள் தலையாட்டிக்கொண்டே எழுதிக்கொண்டார். இறுதியில் எப்போது கிளம்ப முடியும் என்று கேட்டார்.

அவர் மதியத்துக்கு மேல் திரும்பினார். வெயிலில் முகம் கறுத்திருந்தது. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். சொம்பை வாங்கிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். நான் சொல்லாமலே தெரிந்துவிட்டது.

"எடுத்துட்டாகளா?"

"எடுத்துட்டாங்க."

"என்னயப் பத்திக் கேட்டாகளா?"

"கேட்டாங்க. பொறுமசாலின்னு சொல்லிருக்கேன்."

அவர் தண்ணீரைக் குடிக்கவில்லை. சொம்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தார். தலையை நிமிர்த்தாமல் சொன்னார்.

"எனக்குப் பொறுமையெல்லாம் ஒண்ணும் கெடையாது, வளரு."

"நீங்க துபாய்க்குப் போனப்ப எனக்கு மட்டும் இருந்துச்சா?" என்றேன். "கத்துக்கிட்டேன். நீங்களும் கத்துக்கங்க."